படர்தாமரையும் பச்சிலையும்

சென்ற வாரம் நமது காரியாலயத்திற்குக் கிராமத்துத் தோழர் ஒருவர் வந்திருந்தார். அவர் வந்தது பிரசங்கத்திற்குத் தேதி கேட்பதற்கல்ல. இடுப்பில் வேட்டி கட்டுமிடத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகப் படர்ந்து கிடந்த படர்தாமரையைக் காட்டி, "ஐயா, ஒன்றரை வருஷமாக இது என்னை விடவில்லை. இப்போது சம்சாரத்திற்கும் வந்துவிட்டது. எட்டாவது படிக்கும் என் மகளுக்குக் கழுத்திலே வந்து, பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் மாட்டேனென்கிறதாம். பத்து நாளாகப் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் உட்கார்ந்து அழுகிறாள்" என்று சொன்னார்.

இதற்கு என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று கேட்டோம். முதலில் கோயில் பூசாரியிடம் போனாராம். அவர் இது நாகதோஷம் என்று சொல்லி, புற்றுக்குப் பாலும் முட்டையும் வைக்கச் செய்து, விபூதி மந்திரித்துக் கொடுத்தாராம். ஒரு மண்டலம் பூசியும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதாகப் பக்கத்து ஊர் வைத்தியர் ஒருவர் ஏதோ ஒரு பச்சிலையை அரைத்து உருண்டையாகக் கொடுத்து, "இலையின் பேரைக் கேட்காதே, வெளியே சொன்னால் பலிக்காது" என்றாராம். அதில் கொஞ்சம் குறைந்தது. பிறகு திரும்பி வந்தது. மூன்றாவதாக டவுன் மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு ஒன்றுமில்லாமலே ஒரு குழாய்க் களிம்பு கொடுத்தார்களாம். அதைப் பூசிய மூன்றே நாளில் அரிப்பு நின்றது, சிவப்பும் மறைந்தது. பூசுவதை நிறுத்தியவுடன் முன்னைக்கு இரட்டிப்பாக வந்தது. மறுபடியும் குழாய், மறுபடியும் வியாதி என்று இதுவரை பதினெட்டுக் குழாய் வாங்கியிருக்கிறார். தொடையிடுக்கில் தோல் மெலிந்து, வரி வரியாகக் கீறல் விழுந்திருக்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இந்த மூன்று பேரில் நான் யாரை நம்புவது? நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

நாம் சொன்ன பதில் இதுதான்: யாரையும் நம்ப வேண்டாம். மூவரிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். "இந்த மருந்தை எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? அதில் எத்தனை பேருக்குச் சொஸ்தமாயிற்று? எத்தனை பேருக்கு ஆகவில்லை? அந்தக் கணக்கு எங்கே?" என்று கேளுங்கள். கணக்குக் காட்டுகிறவன் மருந்து கொடுக்கிறான்; கணக்குக் காட்ட மறுக்கிறவன் நம்பிக்கை விற்கிறான். இந்த விஷயம் அந்தத் தோழர் ஒருவரோடு நிற்பதல்ல. ஊர்தோறும் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலாவது, படர்தாமரை என்பது என்ன? அது பாம்பு கொடுத்த சாபமுமல்ல, போன ஜன்மத்துப் பாவமுமல்ல, இரத்தம் கெட்டுப் போனதுமல்ல. ஊறுகாய் ஜாடியிலும், நனைந்த பழைய செருப்பிலும் பூக்கிறதே பூஞ்சைக்காளான், அதன் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு உயிர் நமது தோலின் மேல் முளைப்பதுதான் படர்தாமரை. தோலின் மேற்பரப்பு, நகம், மயிர் ஆகியவற்றில் கெரட்டின் என்ற ஒரு சத்து இருக்கிறது. அதையே தின்று வளரக்கூடிய காளான்கள் சில உண்டு. ஓரிடத்தில் விழுந்த விதை நாலா பக்கமும் பரவிக்கொண்டே போவதாலும், நடுவில் ஆறி ஓரத்தில் முற்றுவதாலும் அது வட்டமாய்த் தெரிகிறது. அந்த வட்டத்தைப் பார்த்துத் "தாமரை" என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்தவர்கள் கண்ணை உபயோகித்தார்கள். தோஷம் என்று சொன்னவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

இது ஏதோ நாம் இன்று புதிதாகச் சொல்லுகிற சங்கதியுமல்ல. 1841-ம் வருஷத்திலேயே பாரிஸ் நகரத்திலிருந்த டேவிட் குரூபி என்பவர், தலையில் மஞ்சள் பொருக்காகக் கட்டும் ஒருவகைப் படையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, அதற்குக் காரணம் காளானே என்று எடுத்துக் காட்டினார். பெர்லினிலிருந்த ராபர்ட் ரெமாக் என்பவர் 1842-ல் அந்தப் பொருக்கை எடுத்துத் தமது கையிலேயே ஒட்ட வைத்துக்கொண்டு, அந்த வியாதியைத் தமக்கே வரவழைத்துக் காட்டினார். இந்த ரெமாக் யூதர். மதம் மாறச் சம்மதியாததால், அவ்வளவு பெரிய அறிவாளிக்கு அந்த ஊர் சர்வகலாசாலையில் முழு ஆசிரியர் பதவி சாகும்வரையில் கிடைக்கவில்லை. எந்த மதத்துக்காரன் பார்த்தாலும் காளான் காளானாகத்தான் தெரியும். பார்த்தவனுடைய மதத்தைப் பார்ப்பவர்களுக்கு மட்டும் அது தெரியாது.

இன்றைக்கும் இந்தப் பரீட்சை மிகச் சுலபமானது. படையின் ஓரத்தைச் சிறிது சுரண்டி, அந்தச் செதிலில் ஒரு சொட்டுக் கார நீர் விட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், மரக்கிளை போலக் காளானின் இழைகள் கண்ணுக்கே தெரியும். இதற்கு அதிக நேரமும் வேண்டாம், அதிகப் பணமும் வேண்டாம். ஆனால் ஒன்றரை வருஷத்தில் நமது தோழருக்கு இதை ஒருவர்கூடச் செய்து பார்க்கவில்லை.

இங்கே மற்றொரு விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வியாதி தொத்து வியாதி. ஈரத் துண்டு, ஒருவர் உடுத்த துணி, சீப்பு, பாய், தலையணை, சில சமயம் வீட்டு நாய், பூனை, மாடு ஆகியவைகளிலிருந்து வரும். நமது ஜனங்களோ இன்ன ஜாதியான் தொட்டால் தீட்டு, இன்னான் நிழல் பட்டால் தீட்டு என்று தலைமுறை தலைமுறையாகத் தீட்டுக் கணக்குப் பார்த்து வந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரே ஈரத்துண்டை வீட்டில் ஐந்து பேர் துடைத்துக்கொள்ளுவதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. இல்லாத தீட்டுக்குக் குளித்தார்கள். இருக்கிற தொத்தைக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். அக்கிரகாரத்துத் தோலும் சேரித் தோலும் அந்தக் காளானுக்கு ஒரே கெரட்டின்தான். நிற்க.

விபூதியைப் பற்றி நாம் அதிகம் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் "மந்திரித்துப் பூசி எங்கள் பாட்டிக்குச் சரியாயிற்றே" என்பவர்களுக்கு ஒரு சமாதானம் சொல்லத்தான் வேண்டும். சரியாகியிருக்கலாம். வேர்வையும் ஈரமும் அதிகமான காலத்தில் படை மிஞ்சும். காய்ந்த காலத்தில் தணியும். தணிகிற சமயத்தில் எதைப் பூசியிருந்தாலும் அதற்குத்தான் புகழ். அக்கி என்ற வியாதியைப் பாருங்கள். அது காளான் வியாதியுமல்ல. வைரஸ் என்ற வேறொரு நுண்ணிய கிருமியால் வருவது. பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்திற்குள் அது தானாகவே ஆறிவிடும். காவிக்கல்லைக் கரைத்து அக்கி எழுதினாலும் ஆறும், எழுதாவிட்டாலும் ஆறும். ஆனால் புகழ் காவிக்கல்லுக்குப் போய்விடுகிறது. ஆகையால் பாட்டி ஒருத்திக்குச் சரியானதைச் சொல்லுகிறவர்கள், சரியாகாத பாட்டிமார் எத்தனை பேர் என்ற கணக்கையும் கொண்டுவர வேண்டும்.

இனிப் பச்சிலைக்கு வருவோம். நாம் விபூதியை மறுக்கிறோமென்பதனால் பச்சிலையையும் மறுப்போம் என்று சிலர் எதிர்பார்க்கலாம். அது தப்பு. விபூதிக்கு மந்திரம் வேண்டும். பச்சிலைக்கு மந்திரம் வேண்டாம். இலையில் சரக்கு இருந்தால் அது நாஸ்திகன் தோலிலும் வேலை செய்யும்.

சீமையகத்தி என்ற செடியை எடுத்துக்கொள்ளுவோம். வண்டுகொல்லி என்றும் சொல்லுவார்கள். மெழுகுவத்தி ஏற்றி வைத்தாற்போல மஞ்சள் பூக்கொத்து நிமிர்ந்து நிற்கும். இதன் இலையை அரைத்துப் படைக்குப் போடுவது நம் நாட்டில் மாத்திரமல்ல, பல வெப்ப தேசங்களில் வழக்கம். இலையை ஆராய்ந்து பார்த்தவர்கள் அதில் ரெயின், எமோடின், கிரைசோபனால் முதலிய சரக்குகள் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். காளானை வளரவிடாமல் தடுக்கும் தன்மை அந்த இலைக்கு உண்டென்பதும் ஆராய்ச்சி சாலைகளில் பன்முறை காட்டப்பட்டிருக்கிறது. தேமலுக்கு இதன் இலைச்சாற்றை உபயோகித்துப் பத்து வருஷம் மனிதர்களிடத்தில் பார்த்த ஒரு ஆராய்ச்சி 1994-ல் வெளியாகி, பலன் உண்டு என்று கூறுகிறது. பிலிப்பைன் தேசத்துச் சுகாதார இலாகா 1992-ல் பத்து மூலிகைகளைப் பொறுக்கி எடுத்து ஜனங்களுக்குச் சிபார்சு செய்தபோது, படைக்காக இந்தச் செடியையே சேர்த்தது. அங்கே இதற்கு அகப்புல்கோ என்று பேர். செடியின் பேரை மறைத்து உருண்டை பிடிக்காமல், பகிரங்கமாகப் பேர் சொல்லி, பூசும் தைலமாகச் செய்து கொடுக்கிறார்கள். பேரைச் சொன்னதனால் அங்கே பலிக்காமல் போகவில்லை.

இந்தச் செடியின் பேரிலேயே நமது பழம்பெருமைக்காரர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. "எங்கள் ரிஷிகள் ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னமே ஞானதிருஷ்டியில் கண்டது" என்பவர்கள் சீமையகத்தியில் உள்ள "சீமை" என்பது என்ன என்று யோசிக்க வேண்டும். அது அமெரிக்கா கண்டத்து வெப்பப் பிரதேசத்துச் செடி. கப்பல் ஏறி வந்து நம் வேலியில் நிற்கிறது. ஒரு காலத்தில் படைக்குப் பேர் பெற்ற "கோவாப் பொடி" என்ற மருந்தும் அப்படியே. கோவாவில் விற்றபடியால் கோவாப் பொடி என்றார்கள். விசாரித்துப் பார்த்தபோது, பிரேஸில் தேசத்துப் பாஹியா பிரதேசத்து மரமொன்றின் உள்ளிருந்து சுரண்டி எடுத்த பொடி, போர்த்துக்கேசியர் கப்பலில் வந்தது என்று தெரிந்தது. அது தோலையும் துணியையும் கறையாக்கும், கண்ணில் பட்டால் புண்ணாக்கும். அதனால் பிற்காலத்தில் படைக்கு அதை விட்டுவிட்டார்கள். ஆனால் அதிலுள்ள சரக்கின் அமைப்பைப் பார்த்து, அதைப்போலவே வேறொன்றை ஜெர்மனியில் செய்து, 1916-ல் சோரியாசிஸ் என்ற செதில் வியாதிக்கு உபயோகத்தில் கொண்டு வந்தார்கள். மருந்துக்கு ஜாதியுமில்லை, தேசமுமில்லை, புராணமும் வேண்டியதில்லை.

இன்னும் சாம்பிராணியைப் பாருங்கள். சாமிக்கு முன்னால் புகைத்துப் புகைத்து நாம் அதைக் காற்றில் விட்டோம். அந்தப் பிசினிலிருந்து பென்சாயிக் அமிலம் என்ற ஒரு சரக்குக் கிடைக்கிறது என்பது நெடுங்காலமாகத் தெரிந்த சங்கதி. லண்டனிலிருந்த டாக்டர் ஆர்தர் விட்பீல்டு என்பவர், இந்த அமிலம் நூற்றுக்கு 6 பங்கும், சாலிசிலிக் அமிலம் 3 பங்கும் சேர்த்துப் படைக்கு ஒரு களிம்பு செய்தார். இந்த நூற்றாண்டிலும் மலிவான மருந்துகளில் ஒன்றாக அது விட்பீல்டு களிம்பு என்ற பேரிலேயே விளங்குகிறது. ஓமத்திலிருந்து எடுக்கும் தைமாலுக்கும் காளானை அடக்கும் சக்தி உண்டு. ஆகவே நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் கொல்லையிலும் சரக்கு இல்லை என்று நாம் சொல்லவில்லை. சரக்கைத் தேடிப் பிரித்து அளந்து பார்க்கிற புத்தி வேண்டும் என்றுதான் சொல்லுகிறோம்.

அளந்து பார்ப்பது என்றால் என்ன? இங்கேதான் படித்தவர்களும்கூட ஏமாறுகிறார்கள். "வேப்பிலை காளானைக் கொல்லுகிறது, பூண்டு காளானைக் கொல்லுகிறது, ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. அந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை கண்ணாடித் தட்டில் காளானை வளர்த்து, அதன்மேல் சாற்றை ஊற்றிப் பார்த்தவை. தட்டில் காளானைக் கொல்லுவது பிரமாதமல்ல. கொதிக்கிற எண்ணெயும் கொல்லும், திராவகமும் கொல்லும். தோலுக்குள் போய்ச் சேருமா, வேர்வையில் கரைந்து போகாமல் நிற்குமா, தோலைப் பொசுக்காமல் காளானை மட்டும் கொல்லுமா, திரும்பி வராமல் தடுக்குமா என்பவைகளை மனிதர்களிடத்தில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதற்கு ஒரு நல்ல உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே தேயிலை மரம் என்று பேர் சொல்லும் ஒரு மரம் உண்டு. அது நம் தேயிலைக்குச் சொந்தமல்ல. அதன் இலைத் தைலம் கால்விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு நல்லது என்று பெரும் புகழ். 1992-ல் வெளியான ஒரு பரீட்சையில், 104 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்திற்கு அந்தத் தைலம் நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்த்த களிம்பும், ஒரு கூட்டத்திற்கு டோல்நாப்டேட் என்ற ரசாயன மருந்தும், ஒரு கூட்டத்திற்கு மருந்தே இல்லாத வெறுங் களிம்பும் கொடுத்தார்கள். காளான் அடியோடு ஒழிந்தது ரசாயன மருந்தில் நூற்றுக்கு 85 பேருக்கு. தைலத்தில் 30 பேருக்கு. வெறுங் களிம்பில் 21 பேருக்கு. அதாவது தைலம் வெறுங் களிம்பைவிடச் சொல்லத்தக்க அளவுக்கு மேலாக இல்லை. அரிப்பும் செதிலும் மட்டும் குறைந்தன. இதோடு விட்டுவிடாமல், 2002-ல் வெளியான மற்றொரு பரீட்சையில் 158 பேருக்குத் தைலத்தை இன்னும் அதிகமான அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 50 பங்கு தைலம் பூசியவர்களில் 64 பேருக்குக் காளான் ஒழிந்தது. வெறும் நீர் மருந்தில் 31 பேருக்குத்தான். அதே சமயம் சிலருக்குத் தைலத்தாலேயே தோல் புண்ணாயிற்று. அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

வாசகர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்தே இல்லாத வெறுங் களிம்பிலும் நூற்றுக்கு 20, 30 பேருக்குச் சரியாகிவிடுகிறது! விபூதிக்கும், உருண்டைக்கும், பொய் மருந்துகளுக்கும் சோறு போடுகிறவர்கள் அந்த 20, 30 பேர்தான். மற்ற 70 பேர் "நமக்கு விதி இல்லை" என்று வாயை மூடிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இனி அந்த "ரகசிய" விஷயம். வைத்தியர் இலையின் பேரை மறைத்தது பலிக்காது என்பதனாலல்ல. பேர் தெரிந்தால் அடுத்தவன் தானே வேலியில் பறித்துக்கொள்ளுவான் என்பதனால்தான். அவருடைய வயிற்றுப் பிழைப்பை நாம் பரிகாசம் செய்யவில்லை. உண்மையில் இந்த நாட்டில் புண்ணுக்கும் படைக்கும் பிரசவத்திற்கும் கைவைத்துப் பார்த்தவர்களில், நாவிதர் என்று இழிவாய்ச் சொல்லப்பட்ட மருத்துவ சமூகத்து ஆண்களும் பெண்களும் முக்கியமானவர்கள். ஏட்டில் எழுதி வைத்து வாதம் செய்தவர்களுக்குப் பெருமை கொடுத்த ஊர், புண்ணைத் தொட்டுக் கழுவியவர்களுக்கு இழிவைக் கொடுத்தது. அப்படிப்பட்டவர்களிடமுள்ள அனுபவத்தை உரியவர் பேரோடும் உரிய கூலியோடும் வெளியில் கொண்டுவந்து, பரீட்சித்து, பலன் உள்ளதை எல்லோருக்கும் ஆக்குவதுதான் நியாயம். ரகசியமாகவே இருந்தால் நல்ல இலையும் அவரோடு செத்துப்போகும். கெட்ட இலையும் பரிசோதனையில்லாமல் பிழைத்துக்கொண்டிருக்கும்.

நிற்க, மூன்றாவது ஆசாமியாகிய குழாய்க் களிம்பைப் பற்றி நாம் மிகவும் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் இன்று படர்தாமரையால் வரும் கஷ்டத்தில் பெரும்பங்கு அதனால் வந்ததாகும். அந்தக் குழாய்களில் பலவற்றில் காளான் மருந்தோடு ஸ்டீராய்டு என்ற ஒரு சரக்கும் கலந்திருக்கிறது. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்ற பேர்கள் குழாயின் மேல் பொடி எழுத்தில் இருக்கும். தோல் சிவப்பதும் அரிப்பதும் உடம்பு காளானை எதிர்த்துச் சண்டை போடுவதன் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. சண்டை நின்றதும் அரிப்பு நிற்கிறது, நோயாளி சந்தோஷப்படுகிறான், காளானோ எதிர்ப்பில்லாமல் உள்ளே பரவுகிறது. காவல்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு, வீட்டில் சத்தமே இல்லை, திருடன் போய்விட்டான் என்று சொல்லுவது எப்படியோ அப்படி! தோல் மெலிவதும் வரி விழுவதும் அதே ஸ்டீராய்டின் வேலை.

இந்த அக்கிரமம் அதிகமானதால், 2018-ல் இந்திய அரசாங்கத்தார் இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் ஜாப்தாவில் சேர்த்தார்கள். சட்டம் காகிதத்தில் இருக்கிறது. நமது தோழர் சீட்டில்லாமல் வாங்கிய குழாய்களோ பதினெட்டு. இதற்கிடையில் சாதாரணக் காளான் மருந்தாகிய டெர்பினாபினுக்கே அசையாத ஒரு புதுக் காளான் இந்தியாவில் பரவிவிட்டது. 2020-ல் ஜப்பானிய ஆராய்ச்சிக்காரர்கள் அதைத் தனி இனமென்று கண்டு, "டிரைகோபைட்டன் இண்டோட்டினியே" என்று பேரிட்டார்கள். நம் தேசத்தின் பேரையே அதில் வைத்துவிட்டார்கள்! 2023-ல் அது நியூயார்க்கிலும் இரண்டு பேரிடம் காணப்பட்டதாக அமெரிக்க அரசாங்கச் சுகாதார இலாகா தெரிவித்தது.

குழாய்தான் மோசம், "மூலிகை" என்று எழுதியிருந்தால் பயமில்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1999-ல் லண்டனில் சீன மூலிகைக் களிம்பு என்று விற்ற 11 களிம்புகளைச் சோதித்தபோது, 8 களிம்புகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது. மூலிகை என்பது மேல் காகிதத்தில், ஸ்டீராய்டு உள்ளே. அதோடு "பச்சிலையில் கெடுதலே கிடையாது" என்பதும் புரட்டுத்தான். எருக்கம்பாலும் சேராங்கொட்டையும் பச்சிலைச் சரக்குகளே; அவற்றைத் தடவித் தோல் வெந்துபோனவர்கள் உண்டு. பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினாலும் தோல் பொசுங்கும். பழையது என்பதற்காக ஒன்றை நம்புவதும், பளபளப்பாயிருக்கிறது என்பதற்காக ஒன்றை நம்புவதும் ஒரே மூடத்தனத்தின் இரண்டு வேஷங்களாகும்.

ஆகவே நமது வாசகர்கள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். படர்தாமரை வந்தால் தோஷம் பார்க்காமல் துணியைப் பாருங்கள். உள்ளுடுப்பையும் துண்டையும் தினம் துவைத்து, வெயிலில் நன்றாய்க் காயவைத்து உடுத்துங்கள். வீட்டில் ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு சீப்பு வையுங்கள். வீட்டில் எத்தனை பேருக்கு இருந்தாலும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்யுங்கள். ஒருவரை விட்டால் அவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்பும். கையகலப் புதுப் படைக்குச் சீமையகத்தி இலையைப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். எரிச்சல் கண்டாலும், இரண்டு வாரத்தில் தணியாவிட்டாலும் அதோடு நிறுத்திவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் டாக்டரிடம் போகவேண்டும். தலையிலோ நகத்திலோ வந்திருந்தாலும், உடம்பெங்கும் பரவியிருந்தாலும், நீரிழிவுக்காரருக்கு வந்திருந்தாலும் இலையில் காலங் கடத்தவே கூடாது. டாக்டர் கொடுத்த மருந்தை, அரிப்பு நின்றவுடன் நிறுத்திவிடாமல், அவர் சொன்ன நாள்வரையில் உபயோகிக்க வேண்டும். கண்ணுக்கு மறைந்த காளான் தோலில் இன்னும் இருக்கும்.

இன்னொன்று மிக முக்கியம். வெளுத்த அல்லது சிவந்த திட்டு ஒன்றில் அரிப்பில்லாமல், தொட்டாலும் குத்தினாலும் உணர்ச்சியில்லாமல் இருந்தால், அது தேமலுமல்ல, படையுமல்ல. அது தொழுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அதற்கு அரசாங்கத்தில் இனாமாக மருந்து கொடுக்கிறார்கள்; நிச்சயமாய்ச் சொஸ்தமாகும் வியாதி அது. விபூதி பூசியும் இலை கட்டியும் காலம் போக்கினால்தான் கையும் காலும் கெடும்.

அரசாங்கத்தாருக்கும் நாம் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். தாம்பரத்தில் தேசிய சித்த நிலையம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசாங்க சித்த வைத்தியக் கலாசாலை இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தோல் வியாதிப் பகுதிகள் இருக்கின்றன. படர்தாமரையோ ஊரெங்கும் இருக்கிறது. சீமையகத்தி வேலியெங்கும் இருக்கிறது. இந்த ஐந்தையும் ஒரிடத்தில் சேர்த்து, ஆயிரம் பேரைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இலை எத்தனை பேருக்குப் பலித்தது, எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று பார்த்து, அதைத் தமிழிலேயே அச்சிட்டு வெளியிடட்டும். பலித்தால் ஏழைக்குக் காசில்லாத மருந்து கிடைக்கும். பலிக்காவிட்டால் ஏழையின் காலமாவது மிஞ்சும். சித்த வைத்தியத்தைப் புகழ்ந்து மகாநாடு கூட்டுவதைவிட இது அந்த வைத்தியத்திற்குச் செய்யும் பெரிய மரியாதையாகும்.

நமது தோழரிடம் இவைகளையெல்லாம் சொல்லி, குழாயைத் தானே வாங்குவதை விட்டுவிட்டு, குடும்பத்தோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோம். பதினெட்டுக் குழாயின் சங்கதியையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொன்னோம். அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்த வேண்டாம் என்றும், வைத்தியம் ஆரம்பித்துவிட்டு, கழுத்தை மூடும்படி சட்டை போட்டு, துண்டும் சீப்பும் தனியாக வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போகலாம் என்றும், வாத்தியாரிடம் இது பாவமல்ல, காளான் என்று எடுத்துச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டோம். அவர் எழுந்து போகும்போது, "சொஸ்தமானால் கடிதம் போடுகிறேன் ஐயா" என்றார்.

"சொஸ்தமாகாவிட்டாலும் கட்டாயம் போடுங்கள்" என்றோம். ஆன கணக்கை எல்லோரும் எழுதுகிறார்கள். ஆகாத கணக்கைத்தான் இந்த நாட்டில் எவனும் எழுதவில்லை.